இரண்டு பேராக எண்ணப்பட்ட கோமதி

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். கோமதி மேடம் இறந்து மூன்று வாரம் ஆகிறது. அவரோடு வேலை செய்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் படத்தைப் போட்டு இரண்டு வரி எழுதிவிட்டீர்கள். நான் எழுதவில்லை. உட்கார்ந்தால் கோபம்தான் வரும் என்று தெரியும்.

செய்தி எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான் ஆய்வகத்தில் செய்முறைத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தேன். காலையில் தலைவலி என்று படுத்தவர், மதியத்துக்குள் போய்விட்டார். வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அவற்றுக்குக் கீழே துறைத்தலைவர் எழுதினார்: "மேடத்தின் வெளியீடுகள், மேற்கோள் விவரங்கள் முழுவதையும் யாராவது தொகுத்து அனுப்பவும். தரமதிப்பீட்டுக் குழு வருகிறது."

மனிதர்களும் கணினியும் எப்படிப் பழகுகிறார்கள் என்பதுதான் மேடத்தின் ஆராய்ச்சி. மற்றவர்கள் அதை ஏசி அறையில், மாணவர்களை உட்காரவைத்துச் செய்தார்கள். அவர் காரிமங்கலம் சந்தைக்குப் போவார். சில முறை நானும் கூடப் போனேன். ஒருநாள் மானியத்துக்கான செயலியில் ஓர் அம்மா திணறிக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் நானே அழுத்திவிடலாம் என்று கையை நீட்டினேன். மேடம் தட்டிவிட்டார்.

"சும்மா இருங்க சார். அவங்க தப்புப் பண்ணல. அந்தத் திரைதான் தப்பா இருக்குது."

அந்த அம்மா சிரித்தார். "விடு கண்ணு, சாரு அவசரக்காரரு. எங்க வூட்லயும் மருமவன் இப்பிடித்தான் புடுங்கிக்குவான். போனு என்னுது, வெரலு அவனுது."

அந்த ஒரு வாக்கியத்திலிருந்து அவருடைய சிறந்த கட்டுரை பிறந்தது. ஒருவருடைய போனை இன்னொருவர் விரல் இயக்கும் ஊர்களுக்குக் கடவுச்சொல்லை எப்படி வடிவமைப்பது என்று கேட்ட கட்டுரை. வெளிநாடுகளில் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் என் பெயரும் உண்டு. நான் செய்தது, கார் ஓட்டியதும் அட்டவணைகளைச் சரிபார்த்ததும். துறைத்தலைவர் பெயரும் உண்டு. அவர் செய்தது, துறைத்தலைவராக இருந்தது.

திருமணத்துக்கு முன் வந்த கட்டுரைகளில் அவர் பெயரோடு அப்பா பெயர் இருந்தது. பிறகு ஒரு வெளிநாட்டு மாநாட்டுக்காகக் கடவுச்சீட்டு எடுத்தார். அதில் கணவர் பெயர் ஏறியது. அதற்குப் பின் வந்த கட்டுரைகளிலும் அதுவே. மேற்கோள்களை எண்ணும் இணையதளம் அவரை இரண்டு ஆராய்ச்சியாளர்களாகப் பிரித்துவிட்டது. முதலில் அவருக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

"எங்கப்பாரு கம்பைநல்லூரத் தாண்டுனதில்லீங்க சார். வெளிநாட்டுக்காரன் கட்டுரையில பூரா அவரு பேருதான் வருது."

இணைப் பேராசிரியர் பதவி ஒன்று காலியானபோது வேடிக்கை தீர்ந்தது. தேர்வுக் குழு பாதிப் பட்டியலைத்தான் ஏற்றுக்கொண்டது. துறைத்தலைவர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: "ஏம்மா, கல்யாணத்துக்கு முன்ன ஒரு கோமதி, பின்ன ஒரு கோமதியா? கமிட்டி நம்பணுமில்ல?" நம்பவைக்க ஒரு வழி இருந்தது. இரண்டு காலத்திலும் உடன் எழுதியவர் ஒருவர், இருவரும் ஒரே ஆள்தான் என்று கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். துறைத்தலைவரை விட்டால் அப்படிப்பட்டவன் நான் மட்டுமே.

கடிதத்தை அவரே தட்டச்சு செய்து கொண்டுவந்தார். "நீங்க ஒருத்தரு சொன்னாப் போதுங்க சார், நான் ஒரே ஆளுன்னு. எங்க வூட்டுக்காரரு, ரெண்டு ஆளுன்னா ரெண்டு சம்பளமில்ல வரணும்ங்கறாரு."

வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறேன் என்றேன். அன்று மாலை துறைத்தலைவர் என் அறைக்கு வந்தார். "அவசரப்படாதீங்க சார். லிஸ்ட்ல அடுத்த பேரு உங்களுதுதான?" நான் அவசரப்படவில்லை. மேடம் இன்னும் இரண்டு முறை கேட்டார். பிறகு கேட்கவில்லை. பதவி எனக்கு வந்தது. முதலில் கைகொடுத்தவர் அவர்தான். ஆனால் அதன்பிறகு சந்தைக்கு என்னைக் கூப்பிடவே இல்லை.

இப்போது கேளுங்கள். அவர் இறந்த நான்காம் நாள் அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. இரண்டு கோமதியும் ஒருவரே, இரண்டு பட்டியல்களையும் கல்லூரியின் கணக்கில் சேர்க்கலாம் என்று எழுதியிருந்தது. உயிரோடு இருந்தவரை நம்பாத கல்லூரி, தரமதிப்பீடு என்றதும் நான்கே நாளில் நம்பிவிட்டது. துறைத்தலைவர் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார். "சட்டுனு போடுங்க சார், அப்லோடு பண்ணணும்" என்றார்.

போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்குத் துறைத்தலைவர்மேல் எவ்வளவு கோபமோ, அதைவிடக் கையெழுத்திட்ட என் கையின்மேல்தான் அதிகம்.

மேடம் கொடுத்த கடிதம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். இனி அதில் யார் கையெழுத்திட்டாலும் பயனில்லை. கிழிக்கவும் மாட்டேன்.

இதைப் பழைய மாணவர் பக்கத்தில் போடப்போகிறேன். யார் எழுதியது என்று அரை மணி நேரத்தில் துறை முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும். ஆனால் பெயர் போட மாட்டேன். அவர் உழைப்பின்மேல் என் பெயர் ஏறியது போதும்.