மனைவி என்ற கட்டத்தில் ஒரு டெய்லர்

எங்கள் தெருவில் பட்டாளத்துக்குப் போனது பெண்டாட்டி, வீட்டில் இருந்தது புருஷன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பாதிக் கதை வரைக்கும் ஆளை மாற்றி நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், அரசாங்கம் உட்பட.

புருஷன் டெய்லர். என் ஜெராக்ஸ் கடைக்கும் அவருடைய கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் தும்மினால் என் பேப்பர் பறக்கும். மனைவி ராணுவத்தில் லாரி மெக்கானிக்காகச் சேர்ந்து, பதினெட்டு வருஷம் கழித்து சார்ஜென்ட்டாக வெளியே வந்தவர். இப்போது பஸ் டிப்போவில் ஃபோர்மேன். தெருவே அவரை சார்ஜென்ட் என்றுதான் கூப்பிடும். டெய்லரும் அப்படித்தான், கோபம் வந்தால் மட்டும் "ஏம்மா" என்பார். எனக்கு அவர் அண்ணன், அந்த அம்மா அண்ணி.

அந்தப் பதினெட்டு வருஷமும் அண்ணி வருஷத்துக்கு ஒரு மாசம் லீவில் வருவார். மற்ற பதினோரு மாசமும் ஒரு பெண்ணையும் ஒரு பையனையும் வளர்த்தது டெய்லர்தான். மிஷினுக்கு அடியில் ஒன்று, வெட்டுற மேசைக்கு மேலே ஒன்று. துணிக் குவியலில் தூங்கும், எழுந்ததும் பட்டன் டப்பாவைக் கவிழ்க்கும். ரெண்டோடு நாலாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று அக்கம்பக்கத்துக்காரர்களும் தங்கள் வீட்டு வாலில்லாத குரங்குகளைக் கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள். பேன்ட்டைச் சுருக்கக் கொடுக்க வந்தவர்கள், இது கடையா பள்ளிக்கூடமா என்று வாசலிலேயே நின்றுவிடுவார்கள். டெய்லர் வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே கதை சொல்வார். அவர் கதையில் வருகிற புலி எப்போதும் "ம்ம்ம்" என்றுதான் உறுமும். வாயைத் திறந்தால் ஊசி விழுந்துவிடுமே.

பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அண்ணியும் ஓய்வு பெற்று வந்துவிட்டார். ஒரு நாள் படைவீரர் நல அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. பதினைந்து வருஷத்துக்கு மேல் சேவை செய்தவருக்குக் கல்லூரிப் படிப்பு இலவசம். தானே படிக்கலாம், அல்லது குடும்பத்தில் ஒருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் ஓய்வு பெற்ற ஐந்து வருஷத்துக்குள் சேர்ந்தாக வேண்டும். ஐந்து வருஷம் முடிய ஏழே வாரம்தான் பாக்கி.

மகளைக் கேட்டார். "எனக்கு வேலை கிடைச்சாச்சும்மா, ஆளை விடு." மகனைக் கேட்டார். அவன் ஒரு இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவன். "படிப்புக்கும் எனக்கும் செட் ஆகாதுன்னு உனக்கே தெரியும்" என்று போனை வைத்துவிட்டான். அண்ணிக்குப் படிக்கிற ஆசையே இல்லை. பட்டாளத்தில் பிரேக்குக்கு ஒரு வகுப்பு, கியருக்கு ஒரு வகுப்பு, வகுப்பில் எப்படி உட்காருவது என்பதற்கே ஒரு வகுப்பு என்று ஒரு ஜென்மத்துக்கு வேண்டியதை உட்கார்ந்து முடித்தவர். ஆனால் ஒரு போல்ட்டைக்கூட வீணாகப் போகவிடாத கை அது. தையல் கடைக்கு வந்து கடிதத்தை வெட்டுற மேசையில் வைத்தார்.

"ஏங்க, நீங்க படிக்கிறீங்க."

டெய்லர் மிஷினை நிறுத்தினார். "எனக்கு நாப்பத்தொன்பது வயசு, சார்ஜென்ட்."

"வயசைக் கேட்டேனா? என்ன படிக்கிறீங்கன்னு கேட்டேன்."

அண்ணி அப்படிக் கேட்கவே இல்லை. ஆனால் அண்ணியிடம் அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது. கல்லூரியில் என்னென்ன படிப்பு உண்டு என்று போட்ட விவரப் புத்தகம் ஒன்று ரெண்டு நாள் அந்த மேசையிலேயே கிடந்தது. கணக்குப் படிக்கட்டும் என்பது அண்ணியின் யோசனை. மூன்றாம் நாள் நான் எட்டிப் பார்த்தபோது, ஒரு பக்கத்தில் தையல் சாக்பீஸால் சின்னதாக ஒரு கோடு இருந்தது. மழலையர் கல்வி டிப்ளமா, இரண்டு வருஷம். "என்னண்ணே இது?" என்றேன். டெய்லர் காது வரைக்கும் சிவந்து, "சும்மா துணின்னு நினைச்சுக் கோடு போட்டுட்டேன் தம்பி" என்றார்.

விண்ணப்பம் கொடுக்க மூன்று பேரும் போனோம். நான் எதற்கு என்றால், நகல் எடுக்க. எத்தனை கொண்டுபோனாலும் அந்த அலுவலகத்தில் ஒன்று குறையும். கிளார்க் படிவத்தைப் பார்த்தார், டெய்லரைப் பார்த்தார், மறுபடியும் படிவத்தைப் பார்த்தார்.

"பயனாளி உறவுமுறைன்னு இருக்கு. மனைவி, விதவை, மகன், மகள். நாலே கட்டம். கணவர்னு கட்டமே இல்லையே."

"ஒரு கட்டம் போட்டுக்குங்க" என்றார் அண்ணி.

"நான் போடக்கூடாதும்மா. மேலிடத்து உத்தரவு வேணும். போன தடவை விதவைன்னு ஒரு கட்டம் சேர்க்க நாலு வருஷம் ஆச்சு."

"ஏழு வாரத்துல முடியாதா?"

கிளார்க் சிரித்தார். நல்ல மனிதர்தான், சிரித்ததற்கு உடனே வருத்தமும் பட்டார். "மகன்னு போடலாம்னா வயசு இருபத்தஞ்சுக்குள்ள இருக்கணும். விதவைன்னு போடலாம்னா நீங்க செத்திருக்கணும்."

டெய்லர் பயந்துபோய் அண்ணியைப் பார்த்தார். அண்ணி பேனாவை எடுத்து கிளார்க்கிடம் நீட்டினார்.

"மனைவின்னே போடுங்க. பதினெட்டு வருஷம் அந்த வேலையைத்தான் பார்த்தாரு."

கிளார்க் டிக் அடித்தார். கம்ப்யூட்டருக்கு ஏது கண்? அன்றிலிருந்து எங்கள் டெய்லர் திருமதி ஆனார். பெண்கள் விடுதியில் அவருக்கு இடம் ஒதுக்கி ஒரு கடிதம் வந்தது. கர்ப்பகால ஆலோசனை முகாமுக்கு அழைப்பு வந்தது. படைவீரர் மனைவியர் சங்கத்துக் கூட்டத்துக்கும் அழைப்பு வந்தது. முந்தைய இரண்டையும் கிழித்துப் போட்டவர் இதற்கு மட்டும் போனார், தையல் போட்டி என்று எழுதியிருந்ததால். மூன்றாம் பரிசுதான் கிடைத்தது. நடுவர்களுக்குக் கண் சரியில்லை என்று இன்றைக்கும் சொல்வார்.

வகுப்பில் முப்பத்தெட்டுப் பெண்கள், எல்லாம் பதினெட்டு பத்தொன்பது வயசு. அவர்களுக்கு நடுவில் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்ற மறந்த ஒரு ஆள். முதல் நாள் அவர் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து "குட் மார்னிங் சார்" என்றார்களாம். அவரும் பதிலுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும்தான் சிரிப்பு வெடித்தது.

பிள்ளைகளைக் கையாள அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எழுதுவதில்தான் சிக்கல். பிள்ளை ஏன் அழுகிறது என்று கேட்டால் "பசி, இல்லன்னா தூக்கம், இல்லன்னா அக்கா கிள்ளியிருப்பா" என்று எழுதினார். சரியான பதில்தான். ஆனால் கேள்வி பத்து மதிப்பெண்ணுக்கு. முதல் தேர்வில் ஐம்பதுக்குப் பதினொன்று வாங்கினார்.

அண்ணி ஒரு கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினார். நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். ஐந்துக்குப் படிப்பு. ஆறரைக்கு ஒப்புவித்தல். மூன்றாம் நாள் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. டெய்லரின் குரல்தான், ஆனால் அவ்வளவு சத்தமாக அதை நான் கேட்டதில்லை.

"ஏம்மா, நான் உன் பட்டாளத்துல சேரல! நீ வாங்கின சலுகை, நீயே போய்ப் படி!"

கத்தரிக்கோல் மேசையில் விழுந்த சத்தம் கேட்டது. அண்ணி நேராக டிப்போவுக்குப் போய்விட்டார். டெய்லர் நாலு நாள் கல்லூரிப் பக்கமே போகவில்லை. வந்த துணியை எல்லாம் வெறிபிடித்த மாதிரி தைத்துத் தள்ளினார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு என் மூலமாகப் பேசினார்கள். "அவர்கிட்ட சாவி எங்கன்னு கேளு." "அவங்ககிட்ட ஆணியில இருக்குன்னு சொல்லு." நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேனா, தபால் நிலையம் வைத்திருக்கிறேனா என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

ஐந்தாம் நாள் ஒரு பெண் கடைக்கு வந்தாள். வகுப்பிலேயே வாய்த்துடுக்குக்காரி. நோட்டுப் புத்தகத்தை மேசையில் பொத்தென்று போட்டாள்.

"அங்கிள், நாளைக்கு வந்துடுங்க."

"எனக்குப் படிப்பு ஏறலம்மா."

"எனக்கு மட்டும் ஏறுதா? நீங்க பதினொன்னு, நான் பன்னண்டு. நீங்க நின்னுட்டீங்கன்னா கடைசி நான்தான். எங்கப்பா என்னைத் தொலைச்சுக் கட்டிடுவாரு. தயவு செஞ்சு வந்து ஃபெயிலாகுங்க."

டெய்லர் சிரித்தார். நாலு நாளில் முதல் சிரிப்பு. அன்று சாயங்காலம் அண்ணி வந்து சுவரில் இருந்த அட்டவணையைத் தானே கிழித்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "எத்தனை மணிக்கு எழுப்பணும்?" என்று மட்டும் கேட்டார். "அஞ்சரை" என்றார் டெய்லர். அத்தோடு சண்டை முடிந்தது. எனக்கும் தபால் வேலை போனது.

இரண்டாம் வருஷத் தொடக்கத்தில்தான் பெரிய இடி விழுந்தது. கணக்குத் தணிக்கைக்கு வந்த ஒருவர் கல்லூரிப் பட்டியலில் இருந்த போட்டோவைப் பார்த்திருக்கிறார். திருமதி என்ற பேருக்கு எதிரே மீசை. பயனாளி ஆண் எனத் தெரியவந்துள்ளது, உதவி நிறுத்தப்படுகிறது, நேரில் வந்து விளக்கம் தரவும் என்று கடிதம் வந்தது. கடைசி வரியில் மோசடி என்ற வார்த்தையும் இருந்தது.

டெய்லருக்கு முகத்தில் ஈயாடவில்லை. முப்பது வருஷத்தில் ஒரு முழம் துணியைக்கூட அமுக்காத ஆள். "என் பிள்ளைங்க காதுக்குப் போனா என்ன நினைக்கும், தம்பி?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். ஆனாலும் கல்லூரிக்குப் போவதை நிறுத்தவில்லை. அங்கே வருகைப் பதிவேட்டில் அவர் பேரைக் கோடு போட்டு அடித்திருந்தார்கள். ஆசிரியை ஒரு காரியம் செய்தார். பேனாவால் வருகை போடக் கூடாது என்றுதானே உத்தரவு? பென்சிலால் போட்டார்.

விசாரணைக்கு முந்தின நாள் அண்ணி ஒரு தடிமனான விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். டிப்போவில் முன்னாள் வீரர் ஒருவரிடம் இரவல் வாங்கியது. நகல் எடுத்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். நூற்று எண்பது பக்கம். என் மிஷின் மெதுவாக ஓடும், அதனால் எடுக்கிறதை எல்லாம் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. தெருவில் பலருடைய ரகசியங்கள் எனக்குத் தெரிந்தது இப்படித்தான். முப்பத்தொன்றாம் பக்கத்தில் மிஷினை நிறுத்திவிட்டு, தடுப்புக்கு மேலே ஏறிக் கத்தினேன்.

"அண்ணே! நீங்க இருக்கீங்க! விதியிலயே இருக்கீங்க!"

குடும்பம் என்பதற்கு விளக்கம் எழுதியிருந்தது. சேவை செய்தவரின் கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள். விதியை எழுதினவன் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறான். படிவத்தை அச்சடித்தவன் கணவரை விழுங்கிவிட்டான்.

மறுநாள் அண்ணி டிப்போவிலிருந்து கிரீஸ் கையோடு நேராக வந்தார். அதிகாரி இளவயசு. மேசையில் எல்லாமே நேர்க்கோட்டில் இருந்தது. டெய்லரைப் பார்த்து, "மனைவின்னு போட்டுக்க வெட்கமா இல்லையா உங்களுக்கு?" என்றார்.

அண்ணி வாயைத் திறந்தார். டெய்லர் அவர் கையைத் தொட்டு நிறுத்தினார். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"இருந்துச்சு சார். மூணு நாள் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். இவங்க போனப்ப என் பொண்ணுக்கு ஒன்றரை வயசு. காய்ச்சல் வந்தா உக்காந்திருக்கிறது, தலை பின்னுறது, வயசுக்கு வந்தப்ப பக்கத்துல இருந்து பயப்படாதேன்னு சொல்றது எல்லாம் நான்தான். அதையெல்லாம் செய்யும்போது இல்லாத வெட்கம், ஒரு டிக் அடிக்கும்போது எதுக்கு சார்? ஆனா மோசடின்னு எழுதியிருக்கீங்களே, அதுதான் சார் தூங்க விடல."

 நான் முப்பத்தொன்றாம் பக்கத்தை நீட்டினேன். அதிகாரி படித்தார். பிறகு தன் அலமாரியிலிருந்த புத்தகத்தை எடுத்து அதிலும் படித்தார், அதில் வேறு மாதிரி இருக்கும் என்ற நம்பிக்கையோடு. இல்லை.

"அப்போ படிவத்துல ஏன் இல்ல?" என்றார்.

"நாங்க கேட்க வேண்டிய கேள்வியை நீங்க கேக்குறீங்க" என்றார் அண்ணி.

ஐந்து வாரம் கழித்து உதவி திரும்ப வந்தது. மோசடி என்ற வார்த்தையை நீக்கித் தனியாக ஒரு கடிதமும் வந்தது. அண்ணி விடாமல் கேட்டு வாங்கியது. ஆசிரியை பென்சில் கோடுகளின் மேல் பேனாவை ஓட்டினார்.

முப்பத்தொன்பது பேரில் டெய்லர் இருபத்தாறாவதாக வந்தார். வாய்த்துடுக்குக்காரி இருபத்தேழு. அவள் அதற்காக ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

வேலை கிடைப்பது லேசாக இல்லை. இரண்டு நர்சரிகளில் ஆம்பளை என்றதும் கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது இடம் ஆஸ்பத்திரி ஊழியர்களின் பிள்ளைகளுக்கான காப்பகம். அதன் தலைமை அம்மா வேலை தருவதாகச் சொல்லவில்லை, ஒரு வாரம் வந்து பாருங்கள் என்றார். பெற்றோர்கள் முதல் மூன்று நாள் கண்ணாடி வழியாக எட்டி எட்டிப் பார்த்தார்கள். நாலாம் நாள் பார்க்க மறந்துவிட்டார்கள். அவரை மூன்று வயசுக்காரர்களின் அறைக்குப் போட்டார்கள்.

சேர்ந்த முதல் மாசத்திலேயே ஒரு கடி வாங்கினார். மணிக்கட்டில், அரை வட்டமாக, பல் ஒவ்வொன்றும் தெளிவாக. இப்போது சாயங்காலம் மட்டும் திறக்கிற தையல் கடைக்கு வந்த அண்ணி அதைப் பார்த்துவிட்டார்.

"யாரு கடிச்சது?"

"சொல்ல முடியாது."

"ஏன் முடியாது? பையனா, பொண்ணா? யார் வீட்டுப் பிள்ளை?"

"பிள்ளைங்க விஷயத்தை வெளியாள்கிட்ட பேசக்கூடாது, சார்ஜென்ட். விதி அது."

அண்ணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். பட்டாளத்திலும் டிப்போவிலும் எத்தனையோ பேரை நடுங்கவைத்த பார்வை. டெய்லர் அசையவில்லை. மிஷினில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தார்.

"மருந்தாவது போட்டீங்களா?" என்றார் அண்ணி கடைசியில், சாதாரணக் குரலில்.

"போட்டாங்க."

"சரி, காட்டுங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கிரீஸ் படாத விரலால் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.