மாடி முடியட்டும் என்றார்கள்

நுர்ஜமாலுக்கு வாய் அதிகம் என்று உஸ்கென் ஊரில் அவள் தெருவே சொல்லும். சொல்லட்டுமே. அந்த வாயும் இல்லாமல் போயிருந்தால் அவளை என்றைக்கோ மூலையில் உட்கார வைத்திருப்பார்கள்.

கல்யாணமான மறுமாதமே அவள் கணவன் எர்மெக் மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். வீடு எழும்பியதும் வந்துவிடுவேன் என்றான். வீடு எழும்பியது, உடனே மாடி என்றான். நல்ல அறையைப் பூட்டிவைத்துவிட்டு, அவளும் மாமியார் பாத்மாவும் அடுப்படியில் படுத்தார்கள். மகள் சய்கல் பிறந்தபோதும் அவன் அங்கேதான்.

இந்த முறை விடுப்பில் வந்தவன் திரும்பிப் போகும் நாள் காலையில், சய்கல் சுவரைப் பிடிக்காமல் எழுந்து நின்றாள். நுர்ஜமாலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கறுப்பும் வெள்ளையுமாக நூல் முறுக்க உட்கார்ந்துவிட்டாள். அந்த ஊர் வழக்கப்படி, நடக்கப்போகும் குழந்தையின் கால்களை அந்த நூலால் சேர்த்துக் கட்டி, பிள்ளைகளைப் பந்தயம் ஓடவிட்டு, ஜெயித்த பிள்ளை அறுத்தால்தானே முதல் அடி.

“இப்ப எதுக்குடி? மாடி முடியட்டும். ஆடு வெட்டி ஊரையே கூப்பிட்டுச் செய்வோம்,” என்றாள் பாத்மா.

“அதுவரைக்கும் நடக்காதேன்னு பிள்ளைகிட்ட நீங்களே சொல்லிடுங்க அத்தை.”

எர்மெக் பெட்டியின் வாரை இறுக்கிக்கொண்டே, “அடுத்த வருஷம் ஜாம்ஜாம்னு செஞ்சிடலாம்,” என்றான்.

“அடுத்த வருஷம் அவ ஓடிக்கிட்டிருப்பா. நீங்க அங்க அடுத்தவங்களுக்கு மாடி மேல மாடியா கட்டிக்கிட்டிருங்க. நான் இன்னைக்கே சந்தோஷமா இருக்கப்போறேன். யாரையும் கேட்கப்போறதில்லை.”

சொன்னவள் பூட்டிய அறையைத் திறந்து, விருந்தாளிகளுக்கென்று அடுக்கியிருந்த மெத்தைகளை முற்றத்தில் விரித்தாள். பொரித்த மாவுத்துண்டுகளைக் கொட்டினாள். தெருப் பிள்ளைகள் விழுந்தடித்து ஓடினார்கள். ஜெயித்த பக்கத்து வீட்டுச் சிறுமி சய்கலின் காலில் கட்டியிருந்த நூலை அறுத்தாள்.

எர்மெக் குந்தி உட்கார்ந்து கைகளை நீட்டினான். சய்கல் அவனைப் பார்த்தாள். பிறகு தள்ளாடித் தள்ளாடி, மெத்தையில் கிடந்த அம்மாவின் போனிடம் போய், அதைத் தட்டி, “அப்பா” என்றாள். அவளைப் பொறுத்தவரை அப்பா இருப்பது அதற்குள்தானே.

வெளியே, அவனை ஏற்றிப்போக வந்த வண்டி ஹாரன் அடித்தது.

“கிளம்புடா. மாடி பாதியில நிக்குது,” என்றாள் பாத்மா, குரல் இறங்கி.

“வீடு கட்டி முடிஞ்சாச்சு அத்தை. மாடி வேணாம், நம்ம வீடு இவ்வளவுதான்,” என்றாள் நுர்ஜமால்.

எர்மெக் வாசலுக்குப் போய் வண்டியைத் திருப்பி அனுப்பினான். வந்து, போனை எடுத்து நுர்ஜமாலிடம் கொடுத்துவிட்டு, மகளுக்கு எதிரே மறுபடியும் குந்தினான். அவள் உடனே வரவில்லை, அவனும் எழுந்திருக்கவில்லை.