நாலாவது ஆளாக வந்த கல்

பேய்க்குப் பயப்படுகிற ஆளில்லை நான். இரண்டாம் காட்சி படம் பார்த்துவிட்டு வரும் வழியில் சுடலையடியில் நின்று பீடி பற்றவைத்தவன். நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள், ஆனால் இது எண்பதுகளின் நடுவில், சுவிசில், ஃப்ரிபூர் நகரத்தில், பட்டப்பகலில் நடந்தது.

அன்று என் அறைத்தோழன் யோகன், வசந்தியிடம் கல்யாணம் கேட்பதாக இருந்தான். அவள் ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம், பெர்னில் அக்கா வீட்டில் இருந்தாள். எனக்கும் அவள்மேல் ஒரு கண் என்பது யோகனுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது, என்னை 'அண்ணை' என்றுதான் கூப்பிடுவாள். தனியே அனுப்ப மாட்டேன் என்று அக்கா சொன்னதால் காவலுக்கு என்னைப் பிடித்தார்கள். கோழிக்கு நரி காவல்.

யோகனுக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு, அந்த நகரத்துச் சரித்திரமும் அத்துப்படி.

"மூண்டு பக்கமும் ஆறு சுத்தி ஓடுது, மிச்சப் பக்கத்துக்கு மதில். எதிரி எதாலை வாறது, சொல்லும் பாப்பம்?"

அவன் அளக்க, அவள் வாயைப் பிளந்து கேட்க, எனக்கு வயிறு எரிந்தது. ஏதோ மதிலை அவனுடைய அப்பா கட்டியதுபோல!

பூனைக் கோபுரம் என்கிற பழைய காவல் கோபுரத்தடியில் வசந்தி திடீரென்று நின்றாள்.

"ஐயோ, மூண்டு பேராய் வந்திட்டம். கூடாதெல்லோ?"

"அப்ப யோகன் நிக்கட்டும், நாங்கள் போவம்" என்றேன்.

"ஒரு கல்லை எடுத்துப் பொக்கற்றுக்கை போடடா, நாலு பேர் கணக்கு" என்றான் யோகன்.

மூன்று பேர் போனால் கல்லையும் ஓர் ஆளாகச் சேர்ப்பது நம் வழக்கம்தானே, மதிலடியில் கிடந்த ஒன்றை எடுத்தேன். எத்தனை நூறு வருடம் காவல் நின்ற கல்லோ, அந்த நேரம் யார் யோசித்தது?

கீழே, கூரை போட்ட மரப்பாலத்தருகே ஒரு கோப்பிக்கடை. பணிப்பெண் நான்கு கோப்பை வைத்தாள். யோகன் மூன்று என்று திருத்த, அவள் வசந்திக்குப் பக்கத்து வெறுங்கதிரையைக் காட்டி ஏதோ கேட்டாள்.

"'அப்ப இவருக்கு வேண்டாமோ' எண்டு கேக்கிறா" என்றான் யோகன், குரல் இறங்கி.

நம்பினால் நம்புங்கள், எனக்கு முதலில் வந்தது பயமில்லை, பொறாமை. காலையிலிருந்து நான் குறிவைத்த கதிரை அது! பயம் பிறகுதான் வந்தது, வந்ததும் "முருகா!" என்று கத்திக்கொண்டு பாலத்துக்கு ஓடினேன், எதிரே வந்த நாயே பயந்து ஒதுங்கியது, கல்லை ஆற்றில் எறிந்தேன்.

பின்னால் வந்த வசந்தி என்னைப் பார்க்கவேயில்லை. குனிந்து, தண்ணீரைப் பார்த்துச் சிரித்து, ஏதோ கேட்பதுபோலப் பிரெஞ்சில் நீளமாக ஒரு வசனம் சொன்னாள். 'பொன்ஜூர்' தவிர ஒரு சொல் தெரியாத பெண்!

யோகனின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அன்று அவன் கல்யாணம் கேட்கவில்லை, அடுத்த மாதம் லா ஷோ-து-ஃபோனுக்கு வேலை தேடிப் போய்விட்டான். பிறகு நான் கேட்டேன். "பகிடி விடாதேங்கோ அண்ணை" என்றாள். அந்த வசனத்தைப் பற்றிக் கேட்டால், "நான் எப்ப பிரெஞ்சு கதைச்சனான்?" என்றாள். இன்றுவரை அவள் யாரையும் கட்டவில்லை.

எனக்கு ஐம்பது நெருங்குகிறது. போன மாதம் யோகனைத் தொலைபேசியில் பிடித்து நச்சரித்தேன்.

"அண்டைக்குப் பாலத்திலை அவள் என்னடா கேட்டவள்?"

"அவள் கேக்கேல்லையடா" என்றான். "மறுமொழி சொன்னவள். 'ஓம், உம்மைக் கட்டிறன்' எண்டு."