தராசக்காவின் பதினொரு மடல்கள்

மின்தராசுகளைப் பழுதுபார்ப்பதால் தெருவே அவளைத் தராசக்கா என்றது. யாரும் திருத்தக்கூடிய லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தில் தன் தராசுகள் இயங்க ஒரு நிரல் எழுதியிருந்தாள். லினக்ஸின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அந்த நிரல் படுத்துவிடும். அதை லினக்ஸிலேயே சேர்த்துக்கொண்டால்தான் நிம்மதி என்று, ஆறு வருட வேலையை ஒரே மின்மடலில் மொத்தமாக லினக்ஸைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினாள். "ஒரு மடலுக்கு ஒரு மாற்றம்" என்று திருப்பிவிட்டார்கள்.

மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"மூட்டையாக் கொண்டுபோய்க் கொட்டினா யாரு பிரிச்சுப் பார்ப்பா?" என்றார் கணவர்.

"நீங்க பேசாம சாப்பிடுங்க."

ஆனாலும் பதினொன்றாகப் பிரித்தாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுதும்போதுதான், நான்காவதில் இருந்த தன் பிழையே கண்ணில் பட்டது. திருத்தி அனுப்பினாள், ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்த பதிப்பில் அவள் கை வைக்காமலே தராசு எடை காட்டியது. ஒரு நிமிடம் பார்த்திருந்துவிட்டு, அடுத்த தராசைக் கழற்ற உட்கார்ந்தாள்.