கழுத்து நீளும் பேயும் யோகனின் கசெட்டும்

யோகனின் தாயின் செத்தவீட்டுக் கசெட்டை அழித்தது தவம் அண்ணைதான். எண்பதுகளில் பரிஸ் லா சப்பலில் அவர் நடத்திய வீடியோக் கடையில் நான் மூன்று வருடம் வேலை செய்தேன். இப்போது அவரை முன்னோடி என்று மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறார்கள். கைதட்டும் இளையவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

அந்த நாளில் சனிக்கிழமை என்றால் ஜப்பான் பேய்ப் படங்களுக்கு அடிபாடு. ஒற்றைக்கால் குடைப்பேய், முகமில்லாத பெண், கழுத்து நீளும் பெண். எல்லாம் அந்த நாட்டின் பழங்கதைப் பேய்கள். மொழி தெரியத் தேவையில்லை. ஓர் அறையில் எட்டுப் பேராக இருந்தவர்கள் சிரித்துச் சிரித்துப் பார்ப்பார்கள். பிறகு படிக்கட்டுக் கழிப்பறைக்குத் தனியே போகமாட்டார்கள்.

யோகன் ஒபர்வில்லியேயில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கியவர். வதிவிடப் பேப்பர் இல்லாததால் ஊருக்கு, தாயின் செத்தவீட்டுக்குப் போகவில்லை. ஊரிலிருந்து வந்த கசெட்டை ஒரு வியாழக்கிழமை கொண்டுவந்தார். வேறு கொப்பி கிடையாது. ஊர்க் கசெட் 'பால்' (PAL) முறை, இங்கத்தைய டிவி 'செக்காம்' (SECAM) முறை. கடையில் மாற்றிப் பதியாமல் போட்டால் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடும்.

"நான் இன்னும் பாக்கேல்லை தம்பி. அம்மாவைக் கலரிலை பாக்கவேணும்."

அதில் யாரும் பதியாதபடி முதுகிலுள்ள பிளாஸ்டிக் துண்டை ஊரிலேயே உடைத்து அனுப்பியிருந்தார்கள். அந்த ஓட்டையை மூடினால் மட்டுமே மேலே பதியலாம்.

சனிக்கிழமை வாடகைக்குப் பேய்ப் படம் கொப்பி அடிக்க வெறும் கசெட் முடிந்துவிட்டது. தவம் அண்ணை தட்டிலிருந்து ஒன்றை எடுத்து ஓட்டையின் மேல் செலோடேப் ஒட்டினார்.

"அண்ணை, அது யோகன் அண்ணையின்ரை."

"அது நேற்றே மாத்தியாச்சு. நீ கவுண்டரைப் பார்."

மாற்றியிருந்தது வேறொருவரின் கலியாணக் கசெட். பெயரை வாசிக்க அவருக்கு அரை நிமிடம் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை யோகன் வந்தார். தேடினோம். வாடகைக்குப் போய்த் திரும்பிய கசெட்டின் முதுகில் செலோடேப் இருந்தது. ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று அவர் முன்னாலேயே ஓடவிட்டோம். ஒன்றரை மணி நேரம் கழுத்து நீளும் பெண். அது முடிந்ததும் கறுப்பு வெள்ளையில் ஒரு பாடை படலையைத் தாண்டிப் போனது.

"முகத்தை மூடிப்போட்டினம்," என்றார் யோகன். "திருப்பி விடுங்கோ."

திருப்பினால் பேய்தான் வந்தது.

"இவன்தான் கவனமில்லாமல் அடிச்சுப்போட்டான்," என்று தவம் அண்ணை என்னைக் காட்டினார். என் வதிவிடக் கார்ட் புதுப்பிக்க அவருடைய வேலைக் கடிதம் வேண்டும். நான் கசெட்டை வெளியே எடுத்தேன்.

யோகன் என்னைப் பார்த்தார். "உனக்கு அம்மா இருக்கிறாவோ?"

"ஓம்."

கசெட்டை எடுத்துக்கொண்டு போனார். பிறகு கடைப்பக்கம் வரவில்லை.

துண்டு உடைத்த கசெட்டில் டேப் ஒட்டாதே. ஒட்டுகிறவனின் கையைப் பிடி, வேலை போனாலும் சரி. இதுதான் நான் படித்தது, பிந்திப் படித்தது. அன்று வாய் திறக்காதது என் பிழை. அதை இங்கே எழுதிவிட்டேன்.

தவம் அண்ணை, அடுத்த மேடையில் மைக்கைப் பிடித்து, யோகனுக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். அந்த செலோடேப்பை ஒட்டியது யார்?