கிளச் பிடிக்கும் கை

பலாபத்வலையில் ஆட்டோ ஓட்டும் அம்மா என்று யாரைக் கேட்டாலும் என் வீட்டைக் காட்டுவார்கள். நாலாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவள் நான். ஐம்பது வயதுக்குப் பிறகு லைசன்ஸ் எடுத்து, சொந்தமாக ஆட்டோ வாங்கி, ஒரு துண்டுக் காணியும் வாங்கினேன். யாரும் தூக்கிவிடவில்லை. எல்லாம் இந்த இரண்டு கைகள்தான்.

அந்தக் காணியில் கொக்கோ நிற்கிறது. காயைத் தடியால் தட்டி உடைப்பதுதான் ஊர் வழக்கம். நான் காயை இடது கையில் ஏந்தி, ஒரே வெட்டில் பிளப்பேன். அந்த வேகம் இந்தப் பக்கத்தில் வேறு எவருக்கும் வராது. அன்றைக்குக் கத்தி புதிது. காயைத் தாண்டி, மோதிர விரலும் சுண்டுவிரலும் தொடங்கும் இடத்தில் இறங்கிவிட்டது. வெட்டு ஒரு அங்குலம்கூட இருக்காது. கோப்பித்தூளை அள்ளி அப்பி, சீலைத் துண்டால் கட்டினேன். இரத்தம் நின்றது. டவுனுக்கு ஒரு ஹயர் சவாரி காத்திருந்ததால் வண்டியில் ஏறினேன்.

ஆட்டோவில் கிளச் இடது கைப்பக்கம். அதை அழுத்தாமல் கியர் விழாது. அழுத்தினேன். இரண்டு விரல்கள் மடிந்தன. மற்ற இரண்டும் விறைப்பாக நின்றன. வண்டி ஒரு உதறு உதறி நின்றது. வலிக்குப் பயப்படுகிறவள் இல்லை நான். ஆனால் மடி என்றால் மடியாத விரலைப் பார்த்ததும் வண்டியை விட்டு இறங்கி மருமகனைக் கூப்பிட்டேன்.

அவர்தான் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வழியெல்லாம் ஒரே பாட்டு.

"அத்தே, வயசாயிருச்சு. வண்டிய வித்துட்டு நிம்மதியா வீட்ல இருங்க."

"வீட்ல இருந்து? ஒங்க மூஞ்சியப் பார்த்துக்கிட்டு இருக்கவா மாப்ள?"

அங்கே இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண், நல்ல தமிழ் பேசினார். காயத்தைக் கழுவும்போதே கேட்டார்.

"வெட்டுக்குக் கோப்பி குடுத்தீங்களே, சீனி போட்டீங்களாம்மா?"

பிறகு கையை மேசைமேல் மல்லாத்தி வைக்கச் சொன்னார். மற்ற விரல்கள் தாமாகவே லேசாக வளைந்து கிடந்தன. வெட்டுப்பட்ட இரண்டும் நீட்டி நிமிர்ந்து கிடந்தன. மணிக்கட்டைப் பின்னால் சாய்த்தார். அப்போதும் அவை அசையவில்லை. மற்ற விரல்களை நேராகப் பிடித்துக்கொண்டு, மோதிர விரலை மட்டும் மடக்கச் சொன்னார். அதன் நடு மூட்டைப் பிடித்துக்கொண்டு, நுனியை மட்டும் மடக்கச் சொன்னார். சுண்டுவிரலிலும் அப்படியே. ஒன்றும் நடக்கவில்லை. ஊசியால் தொட்டது மட்டும் எல்லா இடத்திலும் தெரிந்தது.

"உணர்ச்சி நரம்பு தப்பிச்சிருச்சு. விரல இழுக்குற நாண்தான் அறுந்திருக்கு. விரலுக்கு ரெண்டு நாண். ஒண்ணு நடு மூட்ட மடக்கும், மத்தது அதுக்கு நடுவால புகுந்து போய் நுனிய மடக்கும். ஒங்களுக்கு ரெண்டு விரல்லயும் எல்லாமே போயிருச்சு."

"கிளச் கேபிள் மாதிரியா?"

"அதே மாதிரிதான். குழாய்க்குள்ள ஓடுது. இழுக்குற சதை முன்னங்கையில இருக்கு. அறுந்த முனை உள்ளுக்குப் போய் ஒளிஞ்சிரும். தேடி எடுத்துத் தைக்கணும்."

"திரும்ப வண்டி ஓட்டுவேனா?"

"தைக்கிறது என் வேல. அதுக்கப்புறம் ஒங்க வேலதான்."

மறுநாள் தைத்தார்கள். மணிக்கட்டும் விரல்களும் முன்பக்கம் சாய்ந்திருக்கும்படி, கையின் பின்பக்கத்தில் தாங்குபட்டை வைத்துக் கட்டினார்கள். பயிற்சி கொடுத்த சிங்கள மிஸ் சொன்ன விதி ஒன்றுதான்: அந்த விரல்களை நீயாக இழுத்து மடக்காதே, வலது கையால் மெதுவாக மடக்கு, பிறகு பட்டை வரைக்கும் நீட்டு. சும்மா வைத்திருந்தால் நாண் குழாயோடு ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டால் தையல் அறுந்துபோகும்.

தோட்டத்தில் கங்காணி பேச்சையே கேட்காதவள் நான். அந்த மிஸ் பேச்சை மட்டும் ஓர் எழுத்து பிசகாமல் கேட்டேன். வாளி தூக்கவில்லை, தேங்காய் துருவவில்லை. சம்பந்தியம்மா ஒரு போத்தல் எண்ணெயோடு வந்தாள்.

"நல்லா உருவி இழுத்துவிட்டா சரியாயிரும்."

"ஒங்க முழங்கால உருவுங்க சம்பந்தி. இது தையல் போட்ட கை."

பட்டையைக் கழற்றியதும் விரல்கள் பாதிதான் மடிந்தன. விட்டேனா? மிஸ் காட்டியபடி தினமும் மடக்கினேன். மெல்ல மெல்ல உள்ளங்கையைத் தொட்டன. பிறகு பஞ்சுப் பந்தை அழுத்தினேன். சுண்டுவிரல் நுனி மட்டும் முழுசாக மடியாமல் கொஞ்சம் மிச்சம் வைத்தது. வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். மூன்று மாதம் தாண்டியதும் டாக்டர் என் கையைப் பிடித்து இறுக்கச் சொன்னார். இறுக்கினேன்.

"ஐயோ அம்மா, விடுங்க! போய் ஓட்டுங்க!"

வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் மருமகனோடு ஒருவர் என் ஆட்டோவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். லக்கலையிலிருந்து வாங்க வந்தவராம். எனக்குச் சண்டை போடத் தெரியாதா என்ன? போடவில்லை.

"ரெண்டு பேரும் ஏறுங்க. வாங்குறவரு வண்டி ஓடுறதப் பார்க்க வேணாமா?"

"அத்தே, கை..."

"ஏறுங்க மாப்ள."

வீட்டுக்குப் பின்னால் போகும் செங்குத்து ஏற்றத்தில், பாதி வழியில் வேண்டுமென்றே நிறுத்தினேன். ஆட்டோக்காரருக்கு அதுதான் சோதனை. கிளச்சைப் பிடித்தேன். நாலு விரலும் மடிந்தன. முதல் கியர் விழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். வண்டி ஓர் அங்குலம் பின்னால் போகாமல் மேலே ஏறியது.

லக்கலைக்காரர் மருமகன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்தம்மா இப்புடி ஓட்டுறாங்க. எதுக்கு விக்கிறீங்க?"

மருமகன் வெளியே மிளகுக் கொடியைப் பார்த்தார்.

லக்கலைப் பக்கம் பஸ் குறைவு. வந்த மனிதர் தவித்துப்போகக் கூடாதே என்று, பஸ் நிற்கும் சந்திவரை நானே ஓட்டிக்கொண்டுபோய் இறக்கிவிட்டேன்.