புதன்கிழமை நாலு மணி

அந்த லிஃப்ட் மெக்கானிக்கை உடன் வேலை செய்பவர்கள் ‘புதன் மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷம். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு ஒருநாள், கேஸ் தீர்ந்துவிட்டது என்பதைத் தவிர மூன்று நாளாகத் தாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை என்பதை அவர் மனைவி கவனித்தாள். பல் ஆஸ்பத்திரியில் ஆட்களுக்கு நேரம் குறித்துக்கொடுக்கிறவள். தங்களுக்கும் ஒன்று குறித்தாள். புதன்தோறும் நாலிலிருந்து ஐந்து வரை ஜன்னலோரம் இரண்டு நாற்காலி; போன்கள் அலமாரிக்குள். ஆறு வருஷத்தில் ஒரு புதனும் தவறியதில்லை.

பிறகு ஒரு புதன் தவறியது. ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டின் கூரைமேல் நின்று வேலை பார்க்கும்போது கரண்ட் போய், ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டார். கும்மிருட்டு. போன் கீழே பையில். நாலு மணி ஆகியிருக்கும் என்று தோன்றியதும், பழக்கதோஷத்தில் அவளிடம் பேச ஆரம்பித்தார். ஆறு மாதமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்ததை வாய்விட்டே சொன்னார்: மேலே ஏறினாலே கால் நடுங்குகிறது, பயமாக இருக்கிறது. ஐந்தரைக்குத்தான் அவரை வெளியே எடுத்தார்கள்.

திட்டு வாங்கத் தயாராக வீட்டுக்குள் நுழைந்தார். அவள் கோபமாகவே இல்லை.

“கடைக்கா போயிட்டு வர்றீங்க? நீங்க சொன்னதையேதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். கால் நடுங்குதுன்னா எதுக்கு ஏறணும்? நாளைக்கே கம்பெனி ஸ்டோர்ல வேலை கேளுங்க.”

“நான் எப்ப சொன்னேன்?”

“இங்க உக்காந்துதானே சொன்னீங்க. முகத்தைத்தான் காட்டவே இல்ல, ஜன்னலையே பாத்துக்கிட்டிருந்தீங்க.”

நடந்ததைச் சொன்னார். கிரீஸ் படிந்த கைகளைக் காட்டினார். அவள் ஜன்னலோர நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். ஐந்து மணிக்கு அதில் இருந்தவர் எழுந்து போனபோது கதவுச் சத்தமே கேட்கவில்லை, இப்போதுதான் உறைக்கிறது என்றாள். அந்த நாற்காலியைத் தொட்டுப் பார்க்க இருவருக்கும் துணிவு வரவில்லை.

மறுநாள் ஸ்டோருக்கு மாற்றல் கேட்டார், கிடைத்தது. அடுத்த புதன் நெருங்கியபோது, இனிமேல் இதெல்லாம் வேண்டாமே என்று மெல்ல இழுத்தார்.

“நாம உக்காரலைன்னா, அது மட்டும் வந்து உக்காந்திருக்கும்” என்றாள் அவள்.

இப்போதும் நாலு மணிக்கு உட்காருகிறார்கள். பேசுவதற்கு முன் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி துடிக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறாள். சில புதன்களில் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருப்பாள். அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு காத்திருப்பார்.